பெயரழிந்த உறுப்பும் திருத்தும் உரிமையும்

கிழக்கிலங்கைக் கடற்கரையை ஒட்டி, கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையே நெருங்கிய குடியிருப்புகளைக் கொண்டு விளங்குவது சாய்ந்தமருது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக வளைந்து வந்து மட்டக்களப்பை நாடிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை இவ்வூரை ஊடறுத்துச் செல்கின்றது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இவ்விரண்டுக்கும் இடையே வாழும் மக்களின் அன்றாட வாழ்விலே ஒலிக்கருவிகளுக்கு உள்ள இடம் சாமானியமானதன்று. ஐவேளைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கொலி, நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழுப்பும் குரல், ஜனாஸா அறிவித்தல், பாடசாலையின் காலைக்கூட்டம், கடலுக்குச் செல்வோர் செவிமடுக்கும் வானிலைச் செய்தி ஆகிய யாவும் இக்கருவிகளின் வழியாகவே ஊருக்குள் பரவுகின்றன.

நோன்பு மாதத்து இரவொன்றில் இத்தகைய ஊரொன்றின் பள்ளிவாசல் அம்பிளிபயர் திடீரென ஊமையாகிவிட்டதென வைத்துக்கொள்க. மறுநாட் காலையில் நிர்வாகிகள் அதனைத் துணியிற் சுற்றிக் கடைத்தெருவிலுள்ள வானொலித் திருத்தகத்துக்குக் கொண்டு செல்வர். திருத்துநர் மூடியைக் கழற்றுகின்றார்; தூசியைத் துடைக்கின்றார்; மின்வழங்கலை அளந்து பார்க்கின்றார். சிறிது நேரத்தில், பழுதுற்ற இடம் புலப்பட்டு விடுகின்றது. மூன்று கால்களையுடைய கரிய உறுப்பொன்று எரிந்து போயுள்ளது. அதனை மாற்றிவிட்டால் கருவி மீண்டும் பேசும். ஆனால், அவ்வுறுப்பின் முகத்தை விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தபோது, அங்கே எழுத்துமில்லை, எண்ணுமில்லை. தேய்த்தாளாற் சுரண்டிய தழும்பு மட்டுமே உள்ளது. நோயைக் கண்டறிந்த வைத்தியர், மருந்தின் பெயர் அழிக்கப்பட்ட போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் நிலையை ஒத்தது இது.

எழுத்து தானாக அழிந்ததா, எவரேனும் அழித்தனரா? உப்புக்காற்றினாலும் வெப்பத்தினாலும் எழுத்து மங்குவதுண்டு. எனினும், சில கருவிகளில் உற்பத்தியாளரே தொழிற்சாலையில் இவ்வெழுத்துகளை வேண்டுமென்று நீக்கி அனுப்புகின்றனர். இவ்வழக்கம் யாது, ஏன் கைக்கொள்ளப்படுகின்றது, இதனால் நன்மை யாருக்கு, தீமை யாருக்கு என்பவற்றை ஆராய்தல், கருவி வாங்கும் ஒவ்வொருவருக்கும் பயன் தருவதாகும்.

முதலில், உறுப்பின் மீதுள்ள அச்சிறு எழுத்து எதனைச் சொல்கின்றது என்பதை அறிதல் வேண்டும். அது வெறும் விளம்பரமன்று. உலகத் தொழிலாளர் யாவருக்கும் பொதுவான ஒரு மொழி. வால்வு வானொலிகளின் காலத்திலேயே இம்மொழி செம்மையாக வளர்ந்துவிட்டது. ஐரோப்பியர் வகுத்த முறைப்படி, ஈ.எல். 84 என்று ஒரு வால்வின் மீது பொறித்திருந்தால், 'ஈ' என்ற எழுத்து அதன் இழையைச் சூடாக்க 6.3 வோல்ற்று வேண்டும் என்பதைக் குறிக்கும். 'எல்' என்பது அது ஒலிபெருக்கியை இயக்கவல்ல வெளியீட்டு வால்வு எனக் காட்டும். 'எட்டு' என்னும் இலக்கம், அது ஒன்பது ஊசிகளையுடைய அடித்தளத்திற் பொருந்துவது எனத் தெரிவிக்கும். இவ்வாறு இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் அவ்வால்வின் குலத்தையும் தொழிலையும் கூறிவிடுகின்றன.

பின்னர் திரான்சிஸ்டர் வந்தது. 1966 ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் அமைக்கப்பட்ட புரோ எலெக்ட்ரோன் என்னும் அமைப்பு, ஐரோப்பிய உற்பத்தியாளர்களுக்குப் பொதுவான பெயரீட்டு முறையைப் பேணிற்று. பீ.சீ. 107 என்ற பெயரில், முதலெழுத்தாகிய 'பீ' அது சிலிக்கனால் ஆனது என்பதையும், 'சீ' அது ஒலி அதிர்வெண்ணில் இயங்கும் சிறு வலுவுடையது என்பதையும் காட்டும். முதலெழுத்து 'ஏ' ஆயின் அது ஜெர்மானியத்தால் ஆனது. அமெரிக்கர் '2 என்' என்றும், ஜப்பானியர் '2 எஸ்' என்றும் தொடங்கும் வேறு வரிசைகளை வகுத்தனர். தடையியின் மீது தீட்டப்படும் நிறவளையங்களும் இத்தகையனவே. மஞ்சள், ஊதா, சிவப்பு எனும் மூன்று வளையங்களைக் கண்டவுடன் 4700 ஓம் எனப் படித்துவிடுவான், அக்கணக்கைக் கற்ற பள்ளி மாணவன். சாய்ந்தமருதில் உள்ள திருத்துநரும், சென்னை ரிச்சி தெருவில் உதிரிப்பாகம் விற்போரும், கொழும்புப் புறக்கோட்டையின் வியாபாரியும், தோக்கியோவின் பொறியியலாளரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாராயினும், இவ்வெழுத்துகளைக் கொண்டு ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வர்.

எழுத்தில்லாமல் உருவத்தைக் கொண்டே உறுப்பை இனங்காண முடியாதா என நேயர்கள் வினவலாம். முடியாது என்பதே பெரும்பாலும் விடையாகும். 7812 என்பது ஒரு மின்னழுத்தச் சீராக்கி; அது நேர் 12 வோல்ற்றைத் தரும். 7912 என்பதும் ஒரு சீராக்கியே. ஆயின் அது மறை 12 வோல்ற்றைத் தரும். இரண்டும் ஒரே அளவின, ஒரே நிறத்தின, இரண்டுக்கும் மூன்று கால்களே. முன்னதில் முதற் கால் மின் உட்புகும் வழி, நடுக்கால் பொதுப்புவி. பின்னதிலோ முதற் கால் பொதுப்புவி, நடுக்கால் மின் உட்புகும் வழி. ஒன்றின் இடத்தில் மற்றதைப் பொருத்தினால், பொருத்திய உறுப்பு மட்டுமன்றி அதனைச் சார்ந்த ஏனைய உறுப்புகளும் கணப்பொழுதில் அழிந்து போதல் கூடும். இதே உருவத்தில் திரான்சிஸ்டர்களும் தைரிஸ்டர்களும் இன்னும் பலவும் வருகின்றன. பெரிய அம்பிளிபயர்களில் இணையாகப் பயன்படும் 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 எனும் இரு திரான்சிஸ்டர்களும் தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். இயல்பிலோ ஒன்றுக்கொன்று நேரெதிர். அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது முகத்திலுள்ள எழுத்து ஒன்றே.

அவ்வெழுத்தை மறைக்கும் முறைகள் பல. சிலர் தேய்த்தாளினாலோ சாணைச் சக்கரத்தினாலோ மேற்பரப்பைச் சுரண்டுவர். சிலர் லேசர் ஒளியினால் எழுத்தைப் பொசுக்குவர். சிலர் கரிய வர்ணம் பூசுவர். இன்னுஞ் சிலர் சுற்றுப்பலகையின் ஒரு பகுதி முழுவதையும் எபொக்சி என்னும் பிசினால் மூடிக் கற்பாறைபோல் இறுகச் செய்துவிடுவர். வேறொரு முறை இவற்றிலும் நாகரிகமானது: உலகறிந்த பெயரை நீக்கிவிட்டு, தமது நிறுவனத்துக்கு மட்டுமே பொருள் விளங்கும் ஒரு சொந்த எண்ணை அச்சிடுவர். எழுத்து இருக்கும், ஆனால், அதனைப் படிக்கும் அகராதி உற்பத்தியாளரின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும்.

இங்கே நியாயத்தை மறந்துவிடலாகாது. பிசினால் மூடுவோர் அனைவரும் மறைப்போர் அல்லர். ஈரமும் உப்பும் அதிர்வும் மிகுந்த இடங்களில் இயங்கும் கருவிகளைக் காப்பதற்குப் பிசின் உறை உண்மையிலேயே பயன்படுகின்றது. கடலோர ஊரார் இதன் அருமையை நன்கறிவர். அவ்வாறே சொந்த எண் இடுவதற்கும் தகுந்த காரணம் இருப்பதுண்டு. ஒரே வகைத் திரான்சிஸ்டர்கள் ஆயிரத்தை அளந்து, அவற்றுள் ஒத்த இயல்புடையவற்றைத் தெரிந்தெடுத்து, அத்தெரிவைக் குறிக்கத் தனி எண் இடும் நிறுவனங்கள் உள்ளன. ஆனால், ஈரத்திலிருந்து காப்பதற்கு முகத்தைச் சுரண்டத் தேவையில்லை. தெரிந்தெடுத்ததைக் குறிப்பதற்கு மூலப்பெயரை அழிக்கவும் தேவையில்லை. காப்பு வேறு, கரப்பு வேறு.

கரப்பதற்கு உற்பத்தியாளர் கூறும் காரணம் ஒன்றே. "பல ஆண்டுகள் பாடுபட்டு ஒரு சுற்றை வடிவமைக்கின்றோம், போட்டியாளர் ஒரு கருவியை விலைக்கு வாங்கித் திறந்து பார்த்து, ஒரு கிழமையில் அதே போன்றதைச் செய்து சந்தைக்கு விடுகின்றனர், எங்கள் உழைப்பைக் காக்க வேறு வழியில்லை" என்பர். உழைத்தவன் பயனைப் பிறன் கவர்தல் அநீதியே. எனவே இக்காரணத்தைப் புறந்தள்ளாது, உரைகல்லில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பெயரை அழிப்பதனால் போட்டியாளர் உண்மையில் தடுக்கப்படுகின்றனரா? ஒலிக்கருவிகளின் வரலாற்றிலிருந்தே இதற்கு விடை காணலாம்.

அமெரிக்கரான ரொபர்ட் மூக் என்பவர், மின்னிசைக் கருவிகளில் ஒலியின் குணத்தை மாற்றும் வடிகட்டிச் சுற்றொன்றைக் கண்டறிந்தார். திரான்சிஸ்டர்கள் ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டிருந்தமையால் அது ஏணி வடிகட்டி எனப் பெயர் பெற்றது. அவர் அதனை மறைக்கவில்லை. சுற்றுப்படத்தோடு விண்ணப்பித்து, 1969 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1971 அளவில் ஏ.ஆர்.பி. என்னும் போட்டி நிறுவனம் 2600 என்ற இசைக் கருவியை வெளியிட்டது. அதன் தொடக்ககாலக் கருவிகளில் இருந்த 4012 என்னும் வடிகட்டி, எபொக்சிப் பிசினால் முழுவதும் மூடப்பட்ட ஒரு சிறு கட்டியாக இருந்தது. அக்கட்டிக்குள் இருந்தது மூக்கின் ஏணியே. உண்மை வெளிப்பட்டபின் அந்நிறுவனம் வேறு வடிவமுள்ள வடிகட்டிக்கு மாறிற்று. கண்டுபிடித்தவர் திறந்து வைத்தார். பார்த்துச் செய்தவரே மூடி வைத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பிசினும் அவ்வுண்மையைக் காக்கவில்லை.

மற்றொரு சான்று பிற்காலத்தது. 1994 ஆம் ஆண்டு பில் பினெகன் என்பவர், கித்தார் வாத்தியத்தின் ஒலியை மெருகூட்டும் குளோன் சென்ரோர் என்ற சிறு பெட்டியை விற்பனைக்கு விட்டார். அதன் சுற்றுப்பலகையும் கரிய எபொக்சியால் மூடப்பட்டிருந்தது. இசைக்கலைஞர் அதனை மிகவும் விரும்பினர். பழைய பெட்டி ஒன்று பல்லாயிரம் டொலருக்கு விலைபோகும் நிலை பின்னர் உண்டாயிற்று. ஆயின், 2010 ஆம் ஆண்டளவில் அதன் சுற்றுப்படம் உலகறிந்த செய்தியாகிவிட்டது. பிசினைச் சுரண்டி, உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாக அளந்து அறிந்தோர் அதனை வெளியிட்டனர். அதன் பிரதிகள் இன்று பல நாடுகளிலே செய்யப்படுகின்றன.

இவற்றிலிருந்து விளங்குவது யாது? போட்டியாளரிடம் பணமும் ஆய்வுகூடமும் உண்டு. ஒரு கருவியைப் பாழாக்கினாலும் அவருக்குக் கவலையில்லை, இன்னொன்று வாங்குவார். வேதிப்பொருளால் பிசினைக் கரைப்பார். உறுப்பின் மேலோட்டை நீக்கி நுணுக்குக்காட்டியால் உள்ளமைப்பைப் பார்ப்பார். பெயர் அழிக்கப்பட்டமை அவருக்குச் சில நாள் தாமதமேயன்றி வேறன்று. திருத்துநருக்கோ ஆய்வுகூடமில்லை, அவர் கையிலிருப்பது ஒரே ஒரு கருவி, அதுவும் பிறருடையது, அதனைப் பாழாக்கவும் அவருக்கு உரிமையில்லை. ஆகவே, களவைத் தடுக்கவென்று பூட்டிய பூட்டு கள்வனைச் சில நாள் தாமதிக்கச் செய்துவிட்டு, வீட்டுக்காரனையே வெளியில் நிறுத்திவிடுகின்றது.

உழைப்பைக் காக்க வேறு வழியில்லை என்பதும் சரியன்று. காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை ஓர் உடன்படிக்கையே. கண்டுபிடிப்பாளர் தமது கண்டுபிடிப்பை உலகுக்குத் தெளிவாக விளக்குகின்றார். அதற்குக் கைம்மாறாக அரசு குறித்த காலத்துக்கு அவருக்குத் தனியுரிமை அளிக்கின்றது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அக்காலத்தை 20 ஆண்டுகள் என வரையறுத்துள்ளது, ஐ.சி. எனப்படும் ஒருங்கிணைந்த சுற்றுகளின் உள்வடிவமைப்புக்கும் அச்சட்டம் தனியே பாதுகாப்பு வழங்குகின்றது. எழுத்தைச் சுரண்டும் உற்பத்தியாளர் இவ்வுடன்படிக்கையின் பயனை மட்டும் விரும்பி, கடமையை விலக்கிவிடுகின்றார். மேலும், அவர் பெரும்பாலும் மறைப்பது தாம் கண்டுபிடித்த உறுப்பையுமன்று. வேறொரு நிறுவனம் செய்து, பெயரிட்டு, கடைகளில் யாவருக்கும் விற்கும் சாதாரண உறுப்பையே.

திறந்து வைத்தமையால் தொழில் வளர்ந்ததற்கும் சான்றுகள் உண்டு. டீ.ரீ.என். வில்லியம்சன் என்ற பொறியியலாளர் 1947 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில் தமது அம்பிளிபயரின் முழுச் சுற்றுப்படத்தையும் வெளியிட்டார். அதனைப் பின்பற்றிப் பல நாடுகளில் இளைஞரும் நிறுவனங்களும் அம்பிளிபயர்கள் அமைத்தனர். நல்லொலி பற்றிய அறிவு அதனால் பரவிற்று. பிரித்தானியாவின் மல்லார்ட் நிறுவனம் 1954 இல் ஐந்து வால்வுகளைக் கொண்டு பத்து வாற்று வலு தரும் அம்பிளிபயரின் வடிவமைப்பை வெளிப்படுத்திற்று. 1959 இல் இத்தகைய சுற்றுகளைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டது. அறிவைப் பகிர்ந்தமையால் அந்நிறுவனம் நட்டமடையவில்லை. அதன் வால்வுகளுக்கு வாங்குவோர் பெருகினர்.

உறுப்பின் பெயர் நிறுவனத்தைவிட நீண்ட ஆயுள் உடையதாகவும் இருக்கின்றது. 2என் 3055 என்னும் வலுத் திரான்சிஸ்டரை 1960களில் அறிமுகம் செய்தது அமெரிக்காவின் ஆர்.சீ.ஏ. நிறுவனம். அந்நிறுவனம் 1986 இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கைக்கு மாறிப் பின்னர் பிரிந்து சிதறிற்று. ஆயினும் 2என் 3055 இன்றும் கடைகளில் கிடைக்கின்றது. பெயரும் இயல்பும் வெளிப்படையாக இருந்தமையால் வேறு நிறுவனங்கள் அதனைத் தொடர்ந்து செய்து வந்தன. இதற்கு மாறாக, முன்னர் கூறிய ஏ.ஆர்.பி. நிறுவனம் 1981 இல் மூடப்பட்டது. அதன் பிசின் கட்டிகளுள் ஒன்று பழுதுற்றால் கேட்பதற்கு ஆளில்லை. ஆர்வமுடையோர் கட்டியைச் சுரண்டி ஆராய்ந்து, மாற்றுக் கட்டிகளைத் தாமே அமைத்தமையினாலேயே அக்கருவிகள் சில இன்றும் ஒலிக்கின்றன. பெயரை மறைக்கும் நிறுவனம் தானும் ஒருநாள் மறையக்கூடும் என்பதை நினைப்பதில்லை. அது மறைந்தபின் கருவியின் உரிமையாளர் மட்டுமே எஞ்சுகின்றார்.

இதனோடு இன்னோர் ஆபத்தும் சேர்ந்துள்ளது. மலிவான உறுப்பின் எழுத்தைச் சுரண்டிவிட்டு விலையுயர்ந்த உறுப்பின் பெயரை அதன்மேல் அச்சிட்டு விற்கும் போலி வணிகம் உலகெங்கும் உண்டு. நேர்மையான உறுப்பின் முகம் என்றும் தெளிவாக இருத்தல் வேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றிருந்தால், சுரண்டிய முகத்தைக் கண்டவுடனேயே வாங்குவோர் ஐயுறுவர். மதிப்புள்ள நிறுவனங்களே சுரண்டத் தொடங்கினால், போலியின் தழும்புக்கும் அவற்றின் தழும்புக்கும் வேற்றுமை காண்பது எங்ஙனம்?

இனி மீண்டும் சாய்ந்தமருதின் திருத்தகத்துக்கு வருவோம். எழுத்தற்ற உறுப்பைக் கண்டதனால் அத்திருத்துநர் கைகட்டி இருப்பதில்லை. எரிந்ததற்கு இணையாக வேலை செய்யும் மறுபாதி நலமாக இருந்தால், அதனை அளந்து ஒப்பிடுகின்றார். எந்தக் காலுக்கு மின் வருகின்றது, எந்தக் கால் பொதுப்புவியோடு சேர்கின்றது, எது ஒலிபெருக்கியை நோக்கிச் செல்கின்றது எனச் செப்புத் தடங்களைப் பின்தொடர்ந்து காகிதத்தில் வரைகின்றார். பல ஆண்டு அனுபவத்தைத் துணைகொண்டு, "இஃது இன்னதாகத்தான் இருத்தல் வேண்டும்" என ஊகிக்கின்றார். நேராக மின்னூட்டாது, மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துச் சோதிக்கின்றார். தவறு நேர்ந்தால் குமிழ் பிரகாசமாக எரிந்து கருவியைக் காக்கும். பல வேளைகளில் அவர் வெற்றி பெறுகின்றார். ஆனால், பெயர் தெரிந்திருப்பின் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, நாட்கணக்கில் நீள்கின்றது. அந்நாட்களின் கூலியைக் கேட்டால் வந்தவர் மனம் வருந்துவார். கேளாவிட்டால் திருத்துநரின் வீட்டு அடுப்பு வருந்தும். ஊகம் பிழைத்துவிட்டாலோ பொருளும் போய்ப் பெயரும் போய்விடும்.

திருத்த இயலாதென்று கைவிடப்பட்ட கருவிக்கு மாற்றாகப் புதியது வாங்குதல் வேண்டும். ஒலிக்கருவிகள் இறக்குமதியாகும் நாட்டில், ஒவ்வொரு புதிய கருவியும் அந்நியச் செலாவணியின் செலவேயாகும். 2022 ஆம் ஆண்டு இந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திய காலத்தையும், எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலத்தையும் எவரும் மறந்திரார். இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட அந்நாட்களில், பழையதைத் திருத்தி வழங்கிய கைகளே பல வீடுகளுக்கும் பொதுவிடங்களுக்கும் துணை நின்றன. வீசப்படும் கருவியின் கேடு வேறு. உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 62 மில்லியன் தொன் இலத்திரனியற் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகள் 2024 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஒரு சிறு எழுத்து இருந்திருந்தால் உயிர்த்திருக்கக்கூடிய கருவிகளும் அக்குவியலில் உள்ளன.

இக்காரணங்களினால், திருத்தும் உரிமை என்னும் கோரிக்கை பல நாடுகளில் வலுப்பெற்றுள்ளது. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தாமே திருத்தவும், தாம் விரும்பியவரைக் கொண்டு திருத்துவிக்கவும், அதற்கு வேண்டிய உதிரிப்பாகங்களையும் கையேட்டையும் நியாயமான விலையிற் பெறவும் உரிமையாளருக்கு வழியிருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்காவின் கூட்டு வர்த்தக ஆணைக்குழு 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், திருத்தலைக் கட்டுப்படுத்துவதற்கு உற்பத்தியாளர் கூறும் காரணங்களுக்குப் போதிய ஆதாரம் அரிதாகவே உள்ளதெனத் தெரிவித்தது. கலிபோர்னியா மாநிலத்தின் சட்டம் 2024 ஜூலை 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பாவனைக்குரிய ஒலிக்கருவிகளும் அதனுள் அடங்கும். மொத்த விலை 50 டொலர் முதல் 100 டொலருக்கு உட்பட்டதாயின், உற்பத்தி நின்ற நாள் தொட்டு மூன்று ஆண்டுகளுக்கும், 100 டொலரோ அதற்கு மேலோ ஆயின் ஏழு ஆண்டுகளுக்கும் உதிரிப்பாகங்கள், கருவிகள், கையேடுகள் ஆகியவற்றை உற்பத்தியாளர் வழங்குதல் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூன் மாதம் திருத்தலை ஊக்குவிக்கும் பணிப்புரையை ஏற்றது. 2026 ஜூலை 31 ஆம் திகதி அதன் அமுலாக்க நாளாகக் குறிக்கப்பட்டது. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி முதலியன அதன் அட்டவணையில் இடம்பெற்றன, ஒலிக்கருவிகள் இடம்பெறவில்லை. இந்தியாவின் நுகர்வோர் விவகாரத் திணைக்களம் 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 ஆம் திகதி, திருத்தல் பற்றிய தகவல்களை ஓரிடத்திற் பெறுவதற்கான இணையவாயிலையும் திறந்தது. இம்முயற்சிகள் யாவும் உதிரிப்பாகத்தையும் கையேட்டையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. உறுப்பின் முகத்திலுள்ள எழுத்தைப் பற்றித் தனியே பேசுவோர் குறைவு. ஆயின், வேண்டிய பாகத்தின் பெயரே தெரியாதவன் அதனைக் கேட்டுப் பெறுவது எவ்வாறு?

இலங்கையில் திருத்தும் உரிமைக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டதில்லை. எனினும், வழி முற்றாக அடைபட்டிருக்கவுமில்லை. 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருள்களின் சுட்டுத்துண்டு, விலை குறித்தல், பொதியிடல், விற்பனை, உற்பத்தி ஆகியன குறித்து உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை அவ்வதிகாரசபைக்குத் தந்துள்ளது. பிஸ்கற்று உறையில் உள்ளீடுகளைக் குறித்தல் வேண்டுமென்று கேட்கும் சமுதாயம், பன்மடங்கு விலையுள்ள கருவியின் உள்ளுறுப்புகளின் பெயர் அழிக்கப்படாதிருத்தல் வேண்டுமென்று கேட்பதில் மிகையொன்றுமில்லை.

சட்டம் வரும் வரை காத்திராமல் ஊரார் செய்யக்கூடியவையும் உண்டு. பள்ளிவாசல், கோயில், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் முதலியன பொதுப்பணத்திற் கருவி வாங்குவன. அவை விலைமனுக் கோரும்போதே, "சுற்றுப்படமும் உதிரிப்பாகப் பட்டியலும் உடன் தரப்படல் வேண்டும், உறுப்புகளின் எழுத்துகள் அழிக்கப்பட்டிருத்தலாகாது" என்று இரு வரிகள் சேர்த்தெழுதலாம். வாங்கும் முன் ஊரிலுள்ள திருத்துநர் ஒருவரை அழைத்துச் சென்று, விற்பவரின் முன்னிலையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லலாம். இரு கருவிகள் விலையிலும் வலுவிலும் ஒத்திருந்தால், திருத்தத்தக்கதையே தெரிந்தெடுக்கலாம். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் விடை சொல்லத் தொடங்குவர்.

திருத்துநர்களும் தமக்குள் உதவலாம். ஒருவர் பல நாள் பாடுபட்டு இனங்கண்ட உறுப்பின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, கல்முனையிலும் காரைதீவிலும் நிந்தவூரிலும் உள்ள சக தொழிலாளருக்கு அறிவித்தால், அதே கருவி அங்கு பழுதுறும்போது அவர்களின் நாட்கள் மிஞ்சும். கருவி நலமாக இருக்கும்போதே உட்புறத்தைப் படம் பிடித்தும், முக்கிய இடங்களின் மின்னழுத்தத்தை அளந்தும் வைத்தல் இன்னும் நன்று. பாடசாலைகளுக்கும் இதிற் பங்குண்டு. க.பொ.த. உயர்தரத்தில் 2013 ஆம் ஆண்டு தொழினுட்பத் துறை தொடங்கப்பெற்றது. அத்துறை மாணவர் பழைய வானொலியொன்றைத் திறந்து அதன் சுற்றைத் தாமே வரைந்து பழகினால், எழுத்தழிந்த உறுப்பின் முன் திகைக்காத தலைமுறையொன்று உருவாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் பொங்கி வந்தபோது, இக்கரையோர மக்களுக்கு முன்னெச்சரிக்கை ஏதும் கிடைக்கவில்லை. சாய்ந்தமருதும் மருதமுனையும் கல்முனையும் கொடுத்த உயிர்கள் எண்ணற்கரியன. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் மீண்டும் பெருநடுக்கம் நிகழ்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி நகர்ந்தனர். பேரலை வரவில்லை. வந்திருந்தாலும் மக்கள் காலத்தோடு விலகியிருப்பர். எச்சரிக்கை கொழும்பை அடைந்தால் மட்டும் போதாது. கடற்கரை ஒழுங்கையில் இருக்கும் கடைசி வீட்டின் காதையும் அது எட்டுதல் வேண்டும். அக்கடைசித் தொலைவைக் கடப்பதற்கு ஊரின் ஒலிபெருக்கிகளும் வீட்டு வானொலிகளும் வேண்டும்.

அத்தகைய கருவியொன்று பழுதுற்றுக் கிடக்கும் நாள் எந்த நாளாகவும் இருக்கலாம். அன்று அது திருத்தகத்தின் மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்பதை, எங்கோ ஒரு தொழிற்சாலையிற் சுரண்டப்பட்ட ஒரு சிறு எழுத்து முடிவு செய்தலாகாது. கருவியை விற்றவர் அதன் விலையைப் பெற்றுக்கொண்டார். அதன் உறுப்புகளின் பெயரை அறியும் உரிமை, அவ்விலையைக் கொடுத்தவருக்கு உரியது.